வளையத்தின் மேல் உளுந்தங்களி

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் பலசரக்கு வாங்கப் போகிறவர்களுக்குப் பொன்மணியைத் தெரியாமல் இருக்காது. புருஷன் மந்திரமூர்த்தி சாமான் நிறுத்துப் போடுவான். அவள் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குவாள். நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கை நீட்டினால், மீதி அவள் விரலிடுக்கில் இருக்கும், தலை நெஞ்சில் தொங்கும், லேசாகக் குறட்டை வரும். பட்டப்பகலில்! "அண்ணாச்சி, மதினிக்கு ஒரு தலகாணி வாங்கிக் குடுங்க" என்று கேலி பேசிவிட்டு, மீதியைத் தாங்களே உருவிக்கொண்டு போவார்கள். குண்டான பொம்பளை ஒருத்தியைக் கண்டால் ஊருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய் முளைக்குமோ தெரியவில்லை.

அவள் சோம்பேறி இல்லை. விடியுமுன் எழுந்து வீட்டு வேலை அத்தனையும் முடித்துவிட்டுத்தான் கடைக்கு வருவாள். தின்பாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைப்போல் இரண்டு பங்கு தின்கிற கொழுந்தன் ஒட்டடைக் குச்சி மாதிரி நடமாடினான், அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய உடம்பு இவளுக்கு இறங்கவே இல்லை. கொள்ளுக் கஞ்சி குடித்தாள், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டாள், முழங்கால் வீங்குகிற வரைக்கும் நடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள். ஒன்றரை மூட்டை அரிசிக்கும் மேலே போயிற்று. மந்திரமூர்த்தி எடையைப் பார்த்துவிட்டுக் கதவைத் தூக்கிவிட்டான்.

எடைகூட அவளுக்குப் பெரிதில்லை. அவளைப் பிடித்து ஆட்டியது வேறு பயம். கயத்தாற்றில் கட்டிக்கொடுத்த அக்கா உமாதேவிக்கும் இதே உடம்பு, இதே குறட்டை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். அப்போது அக்காவுக்கு நாற்பத்திரண்டு. இப்போது பொன்மணி அந்த வயதின் வாசலில் நின்றாள். தூக்கத்தில் இவளுக்கும் மூச்சு நின்று நின்றுதான் வருகிறது என்பது மந்திரமூர்த்திக்குத் தெரியும். குறட்டை சட்டென்று அறுந்துபோனால் அவன் விழித்துக்கொள்வான். தோளைப் பிடித்து உலுக்குவான். அவள் தண்ணீரிலிருந்து தலை தூக்கினவளைப்போல் மூச்சை இழுப்பாள். இது அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது வெறும் குறட்டை, சிரித்துக்கொள்ள ஒரு விஷயம்.

ஊர் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே இராத்திரி முழுக்க வயர் மாட்டிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, மூக்கில் காற்றடிக்கும் மெஷின் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். நல்ல மெஷின்தான். ஆனால் அது இரண்டாயிரத்து எட்டு. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். கரண்டு போனால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் மூச்சு திணறும். எடை இறங்கினால் எல்லாம் சரியாகும், அதற்கு இப்போது ஆபரேஷன் இருக்கிறது என்று அங்கேதான் சொன்னார்கள்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்கத் தானும் வருகிறேன் என்று துணைக்கு வந்தவள் நஸீமா. கடைக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருக்கும் ஷம்சுல் ஆலத்தின் சம்சாரம். பொன்மணியைவிட நாலைந்து வயது இளையவள். பொன்மணிக்குச் சற்றும் குறையாத உடம்பு. அவளுக்குச் சர்க்கரை வேறு. ஊசி போட்டுப் போட்டுத் தொடையெல்லாம் கல்லாகிக் கிடந்தது. இரண்டு பேரும் ஆபரேஷன் டாக்டர் முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு ஒரு முனகல் முனகியது. நஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் பொறுமையான ஆள். ஒரு தாளில் இரைப்பையைப் படம் போட்டுக் காட்டினார்.

"மூணு வழி இருக்கு. ஒண்ணு, வளையம். இரைப்பையோட மேல்பக்கத்துல ரப்பர் மாதிரி ஒரு வளையத்தை மாட்டிருவோம். வயித்துத் தோலுக்கு அடியில ஒரு சின்ன டப்பி வச்சிருவோம். அதுல ஊசி வழியா தண்ணி ஏத்தினா வளையம் இறுகும், எடுத்தா தளரும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிரும். இரைப்பையை வெட்டுறது இல்லை, வேண்டாம்னா கழட்டிரலாம். ரெண்டாவது, இரைப்பையில முக்கால்வாசியை நெடுக வெட்டி எடுத்துட்டு, வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுறது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. மூணாவது, மேல ஒரு சின்னப் பையை மட்டும் பிரிச்சு, அதைக் குடல்ல கீழே கொண்டுபோய்த் தைக்கிறது. எடை நல்லாக் குறையும், சர்க்கரையும் கட்டுக்குள்ள வரும். ஆனா பெரிய வேலை. சத்து மாத்திரை சாகுறவரைக்கும் போடணும்."

"சாவுன்னு நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க. எதுல அது ஜாஸ்தி டாக்டர்? நேராச் சொல்லுங்க" என்றாள் நஸீமா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மூணுலயும் உண்டு, அபூர்வமா. கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போறது எதுலயும் வரலாம். ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் தையல் கசியலாம். கசிஞ்சா உயிருக்கு ஆபத்து. வளையத்துல ஆரம்ப ஆபத்து குறைவு, பின்னால வர்ற தொந்தரவுதான் ஜாஸ்தி. நழுவும், இரைப்பையை அரிக்கும், அவசரமா முழுங்கினா அடைச்சுக்கும். பல பேருக்கு எடை போதுமான அளவு குறையறதும் இல்லை. ஆபரேஷனே பண்ணிக்காம இருக்கறதுலயும் சாவு இருக்கும்மா. அதை மட்டும் யாரும் கேக்குறது இல்லை."

பொன்மணிக்கு அக்காவின் முகம் வந்துவிட்டுப் போயிற்று.

இரண்டு பேருக்கும் மூன்றாவதுதான் பொருத்தம் என்பது டாக்டரின் எண்ணம். நஸீமா அந்த இடத்திலேயே சரி என்றாள். பொன்மணியின் காதில் ஒரே ஒரு சொல்தான் ஏறியிருந்தது: கழட்டிரலாம். வெட்டு இல்லை, கசிவு இல்லை, பிடிக்கவில்லையென்றால் கழற்றிப் போட்டுவிடலாம். பயந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். வளையம் போட்டவள் சொன்ன பேச்சுக் கேட்டால்தான் பிழைப்பாள், நன்றாக மென்று தின்ன வேண்டும், மாவுப் பண்டம் ஆகாது, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, தண்ணீரையும் வாய் வைத்துச் சிறுகச் சிறுக உறிஞ்ச வேண்டும், அண்ணாந்து ஊற்றக் கூடாது, வாந்தி வந்தால் அன்றைக்கே போன் பண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பசுவந்தனையில் அவள் பங்குக்கு வந்த கரிசல் காடு அதற்காகக் கைமாறியது.

வீட்டில் என்ன சொல்வது? அங்கேதான் சனியன் பிடித்தது.

மாமியார் மீனாட்சியம்மாள் கெட்டவள் இல்லை. வெடுக்கென்று பேசுகிற வாய். "தின்கிறதைக் குறைக்க ஏலாம வயித்தைக் கிழிக்கப் போறாளாம், கூத்தைக் கேட்டியளா" என்று தெருவெல்லாம் சொல்லிவிடுவாள் என்று பொன்மணி நடுங்கினாள். யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன்! அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அதைச் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆம்பிளைகள் எழுந்து போய்விடுவார்கள். பொம்பளைகள் "பாவம்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. மந்திரமூர்த்தியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நஸீமாவோ, "ஆமா, வயித்தைச் சுருக்கத்தான் போறேன், என் வயிறு, உங்களுக்கென்ன" என்று கேட்டவர்கள் வாயை அடைத்துவிட்டு வண்டி ஏறினாள்.

ஆபரேஷன் இரண்டு பேருக்கும் நல்லபடியாகவே நடந்தது. ஆரம்ப வாரங்களில் வெறும் தண்ணிச் சாப்பாடு, பிறகு குழையக் கரைத்தது. டாக்டர் சொன்னார் என்று சொல்லிப் பொன்மணி ஒருவாறு தப்பித்தாள். கொஞ்சம் இளைத்தாள்கூட. பிறகு கட்டிச் சாப்பாடு தொடங்கலாம் என்றார்கள். அந்த நாளுக்காகத்தான் மீனாட்சியம்மாள் காத்திருந்தாள்.

கர்ப்பப்பை எடுத்தவளுக்கு இடுப்பு விட்டுப்போகும், எலும்பு உளுத்துப்போகும். அதற்கு ஒரே மருந்து உளுந்தங்களி. தெற்குச் சீமையில் இதைப் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். தோல் நீக்காத தொலி உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுகிற களி. கை நோகக் கிண்டினாள் மீனாட்சியம்மாள். சூடாக உருட்டி, நடுவில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றி, மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி பொன்மணி, வாயைத் தொற. ரெண்டு புள்ள பெத்த வயிறு. பையை எடுத்துப் போட்டுட்டாவ. இனிமே நாந்தான ஒன்னைப் பாக்கணும்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை தன் கையால் எதையும் அவளுக்கு ஊட்டியதில்லை. பொன்மணிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்? வாங்கி விழுங்கினாள்.

களி நேரே போய் வளையத்தின் மேல் உட்கார்ந்தது. பசை மாதிரி ஒட்டிக்கொண்டு கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. விக்கினாள். "தண்ணியைக் குடி, தண்ணியைக் குடி" என்று அத்தை செம்பை நீட்டினாள். அந்த வீட்டில் செம்பில் யாரும் வாய் வைப்பதில்லை, எச்சில். பிறந்ததிலிருந்து பழகிய கை தானாக மேலே போயிற்று. அண்ணாந்து மடக்மடக்கென்று ஊற்றினாள். அடைத்த குழாய்க்கு மேல் ஒரு செம்புத் தண்ணீர்! கொல்லைப்பக்கம் ஓடித் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினாள்.

ஒருநாளோடு போயிற்றா? பத்தியம் என்றால் தினமும். மந்திரமூர்த்தி கடை திறக்கப் போன பிறகு காலையில் களி, விக்கல், செம்பு, கொல்லை. அவனிடமும் அவள் சொல்லவில்லை. ஒருதரம் மீனாட்சியம்மாள் பார்த்துவிட்டாள். "ஐயோ, ஒடம்பு எவ்வளவு தளந்து போச்சு, களியைக்கூடத் தாங்கல" என்று நொந்துபோய், சாயங்காலமும் ஒரு உருண்டை சேர்த்துவிட்டாள். தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது! அன்பு செய்கிறவளுக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தவளுக்கு வாய் வராது.

மதுரைக்குப் போனால் அங்கே வேறு பொய்.

"வாந்தி இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"மென்னு சாப்பிடுறீங்களா? மாவு, இனிப்பு ஏதாவது?"

"அதெல்லாம் தொடுறதே இல்ல."

உண்மையைச் சொன்னால் ஏன் தின்றாய் என்பார். களியை நிறுத்து என்பார். நிறுத்த வேண்டுமானால் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. கக்கினது போக, கருப்பட்டிப் பாகும் எண்ணெயும் கரைந்து இறங்கியதில் எடை அதற்கு மேல் குறையவில்லை. வாந்தி இல்லை, எடையும் இறங்கவில்லை என்றால் எந்த டாக்டரும் என்ன செய்வார்? வளையம் தளர்வாக இருக்கிறது என்று நினைத்து ஊசி போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கி அனுப்பினார்.

நஸீமா இதற்குள் பாதியாக இறங்கியிருந்தாள். அவளுக்கும் சுகம் மட்டும் இல்லை. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது, ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்து மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பாள். ஆனால் இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. அவள் ஒருநாள் பொன்மணியைப் பார்க்க வந்தபோது, கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளின் கண்கள் சிவந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தனை நாளா இது பொன்மணிக்கா?"

"சும்மா பித்தம்."

"எங்கிட்டயா சொல்லுதீங்க? ஒங்க மாமியாகிட்ட நான் சொல்லுதேன்."

"சொன்னா என் பொணத்தைத்தான் பாப்ப" என்றாள் பொன்மணி. நஸீமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லாட்டியும் அதைத்தான் பாக்கணும்" என்று வெடித்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலை. களியின் முதல் வாயே அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கக்கிப் பார்த்தாள், களி வந்தது, வலி போகவில்லை. மத்தியானத்தில் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. சாயங்காலம் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒரு சட்டியில் துப்பிக்கொண்டிருந்தாள். இடது தோள்பட்டை வரைக்கும் வலி இழுத்தது. மந்திரமூர்த்தி சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போயிருந்தான். மீனாட்சியம்மாள் சுக்குத் தண்ணீரோடு நின்று, "ஒரு மடக்குடி, ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த நஸீமா அந்த டம்ளரைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"அம்மா, இவியளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கல. இரைப்பையில வளையம் மாட்டியிருக்கு, ஒடம்பு குறைய. களி அதுல போய் அடைச்சிருக்கு. நீங்க ஊட்டுனது அம்புட்டும் அங்கனதான் அடைச்சுது."

மீனாட்சியம்மாள் தரையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நானாடி ஒன்னைக் கொல்லப் பாத்தேன்? தெனமும் என் கையாலயா?"

பொன்மணி ஏதோ சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்தால் எச்சில் வழிந்தது. ஷம்சுல் ஆலம் ஒரு அம்பாசடர் காரைப் பிடித்து வந்தான். கார் சாத்தூர் தாண்டி, விருதுநகர் தாண்டிப் போகிற வரைக்கும் மீனாட்சியம்மாள் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். மருமகளின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டே வந்தாள்.

டப்பியில் ஊசி போட்டு வளையத்தில் இருந்த தண்ணீரை முழுக்க உறிஞ்சி எடுத்தார்கள். எச்சில் இறங்கியது, வலி இறங்கவில்லை. ஓயாமல் குமட்டிக் குமட்டி வளையம் நழுவி, இரைப்பையின் ஒரு பகுதி அதற்குள் பிதுங்கி மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். உடனே வயிற்றுக்குள் போய் வளையத்தைக் கழற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மாட்டிய பகுதி ரத்தம் ஓடாமல் அழுகியிருக்கும், அப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னபோது, தூத்துக்குடியிலிருந்து நேரே ஓடிவந்திருந்த மந்திரமூர்த்தி வராண்டாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கழட்டிரலாம் என்ற சொல்லை நம்பி வந்தவள். கழற்றியும் ஆயிற்று. உடம்பு அப்படியேதான் இருந்தது.

மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்தபோது, பொன்மணி டாக்டரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். களி, செம்பு, கொல்லை, எதையும் விடவில்லை. டாக்டர் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, ஆறினபின் நஸீமாவுக்குச் செய்ததை இவளுக்கும் செய்யலாம், ஆனால் ஒருதரம் கை வைத்த இடம் ஒட்டிப்போயிருக்கும், கசிகிற ஆபத்து முன்னைவிடக் கூடுதல், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யோசிக்க என்ன இருக்கு? போதும்" என்றான் மந்திரமூர்த்தி. "நீ இப்படியே இருந்தாலும் எனக்குப் போதும் பொன்மணி. இன்னொருக்க என்னால இந்த வராண்டாவுல நிக்க ஏலாது."

"ஒங்களுக்குப் போதும்" என்றாள் அவள். "எனக்கு எங்க அக்கா வயசு போதாது."

"அம்மா, நீயாவது சொல்லேன்."

மீனாட்சியம்மாள் மருமகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவன் கோபத்தோடு எழுந்து மருந்து வாங்கப் போய்விட்டான். பேசிய களைப்பில் பொன்மணியின் கண் சொக்கியது. மூக்கு மெஷினை மாட்டுவதற்குள் தலை சரிந்து குறட்டை வந்துவிட்டது. மீனாட்சியம்மாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து எத்தனையோ வருஷமாகக் கேட்டுச் சிரித்த குறட்டை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

குறட்டை அறுந்தது. மீனாட்சியம்மாள் நிமிர்ந்தாள். நெஞ்சு மேலே எழும்பப் பார்த்தது. காற்று உள்ளே போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி" என்றாள் மெதுவாக. "ஏட்டி பொன்மணி!" என்று அலறி, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். பொன்மணி பெரிதாக மூச்சை இழுத்துக்கொண்டு விழித்தாள்.

"என்ன அத்தை?"

"இது எம்புட்டு வருசமாட்டி இப்படி நிக்குது?"

"சின்னவ பெறந்ததுல இருந்து. அவியதான் எழுப்பி விடுவாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்ட மீனாட்சியம்மாளுக்கே அதற்குப் பதில் தெரியும். சொல்லியிருந்தால் தெருவெல்லாம் சிரித்திருக்கும். மெஷினின் மூக்கு மூடியை எடுத்து, எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்தோடு மந்திரமூர்த்தி உள்ளே வந்தான்.

"எலே மூர்த்தி, அந்த டாக்டரைக் கூட்டிட்டு வா. ஆறுனதும் செய்யட்டும்."

"அம்மா, அதுல உயிருக்கே…"

"எனக்குத் தெரியும்ல. போ."

பிறகு மருமகளின் பக்கம் திரும்பினாள். "ஊர்ல எவளும் ஒங்கிட்ட கேக்க வேண்டாம். நானே சொல்லுதேன், எம் மருமவளுக்கு இரைப்பையைச் சின்னதாக்கப் போறோம்னு. சிரிக்கிறவ எம் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கட்டும்."

பொன்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு அத்தை."

"எனக்கும்தாண்டி" என்றாள் மீனாட்சியம்மாள்.